மலிவுப் பரல் வாங்கலாமா?

போன எபிசோட்டில் கிராஃபிக்ஸ் கார்ட் விலையைப் பற்றிக் கதைத்துக் கதைத்து நேரம் போய்விட்டது. கடைசியில் இருந்த ஒரு கேள்வியை எடுக்க முடியவில்லை. மார்க்கம் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, பிஏஎல் எடுத்தாச்சு. பழைய சாவேஜ் .22 ஒண்டு கைக்கு வந்திருக்கு. யூடியூபில எல்லாரும் மலிவுப் பரல் போட்டு பட்ஜெட் பில்ட் செய்யிறாங்கள். நானும் அப்பிடிச் செய்யட்டா, இல்லாட்டி காசு சேர்த்து நல்ல பரல் ஒண்டே வாங்கட்டா?"

இதை ஒலியில் சொன்னால் பாதி விளங்காது. கணக்கும் இருக்கு, சட்டமும் இருக்கு. அதனால்தான் எழுதுகிறேன்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த .22 க்கு மலிவுப் பரலும் வேண்டாம், விலைகூடிய பரலும் வேண்டாம். பெரிய கலிபர் என்றால் கதை வேறு. அங்கே மலிவுப் பரல் சில பேருக்கு நல்ல முடிவு, சில பேருக்கு வீண் செலவு, ஒரு வகை மட்டும் ஆபத்து.

யூடியூபில் வருகிற பட்ஜெட் பில்ட்களில் அரைவாசிக்கு மேல் அமெரிக்காக்காரர் செய்கிற ஏஆர்-15. அது இங்கே சரிவராது. 2020 மே 1 ஆம் திகதி வந்த உத்தரவோடு ஏஆர்-15 உம் அதன் வகைகளும் கனடாவில் தடைசெய்யப்பட்ட துவக்குகள். ஆகவே அந்த வீடியோக்களில் சொல்லும் விலை, பெயர், பரிந்துரை ஒன்றும் எங்களுக்கு உதவாது. இங்கே பட்ஜெட் பில்ட் என்றால் பெரும்பாலும் கையால் போல்ட் இழுக்கிற ரைஃபிள்தான்: இலக்குச் சுட .22, அல்லது மான் வேட்டைக்கு .308, 6.5 க்ரீட்மோர் மாதிரி ஒன்று.

பரல் என்பது வீட்டில் தண்ணிப் பரல், எண்ணெய்ப் பரல் என்று சொல்கிற அதே சொல்தான். ஒரு உருக்குத் தண்டில் நீளமாகத் துளை போட்டு, துளையின் சுவரில் சுருளாகச் சில காடிகள் வெட்டியிருக்கும். ரவை வெடித்ததும் சன்னம் அந்தக் காடிகளில் பிடிபட்டுச் சுழன்றுகொண்டு வெளியே வரும். பம்பரம் சுற்றும்போது விழாமல் நிற்கிற மாதிரி, சுழல்கிற சன்னம் தலைகீழாகாமல் நேரே போகும். .22 க்கு வழக்கமான சுழற்சி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

காடி போடுவதற்கு மூன்று வழிகள் பெரும்பாலும் பாவனையில் இருக்கு. முதலாவது, கடினமான கார்பைட் குமிழ் ஒன்றைத் துளைக்குள்ளால் இழுப்பது. காடி வெட்டப்படுவதில்லை, உலோகம் அமுக்கப்பட்டே உருவாகிறது. வேகமான, மலிவான வழி. ஆனால் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடும், அதைச் சூடாக்கி எடுக்க வேண்டும். இரண்டாவது, ஒரு சின்னக் கொக்கிக் கத்தியால் ஒவ்வொரு காடியையும் மயிரிழை மயிரிழையாகச் சீவுவது. நேரம் எடுக்கும், அதனால் விலையும் கூடும். மூன்றாவது, காடியின் அச்சை உள்ளே வைத்துவிட்டு வெளியே இருந்து சுத்தியல் இயந்திரத்தால் அடிப்பது. இயந்திரம் பயங்கர விலை, ஆனால் ஆயிரக்கணக்கில் செய்தால் ஒரு பரல் மலிவாக முடியும். கிச்சினரில் இருக்கிற கோல்ட் கனடா இராணுவத்துக்குச் செய்வது இப்படித்தான். பின்லாந்து டிக்காவும் இப்படித்தான்.

"எந்த முறை நல்லது?" என்று கனபேர் கேட்பார்கள். கேள்வியே பிழையான இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். மூன்றிலும் உலக சாதனைத் தரத்துக்குக் கிட்டச் செய்யலாம், மூன்றிலும் குப்பையும் செய்யலாம்.

இதற்கு எங்கட பக்கத்திலேயே ஒரு வரலாற்று உதாரணம் இருக்கு. யூனியன்வில் கோ நிலையத்தில் ஏறி, யூனியனில் மாறி, லேக்ஷோர் வெஸ்ட் பாதையில் லோங் பிராஞ்சில் இறங்குங்கோ. அங்கிருந்து கொஞ்சத் தூரம் மேற்கே நடந்தால் மிசிசாகாவின் ஸ்மோல் ஆர்ம்ஸ் இன்ஸ்பெக்‌ஷன் கட்டடம் வரும். இப்போது அது கலை நிகழ்ச்சிகள் நடக்கிற மண்டபம். இரண்டாம் உலகப் போரில் அந்த வளவு முழுக்க ஸ்மோல் ஆர்ம்ஸ் லிமிடெட் தொழிற்சாலை. லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிள்களை லட்சக்கணக்கில் செய்தார்கள், செய்தவர்களில் பெரும்பான்மை பெண்கள்.

லீ-என்ஃபீல்டின் பரலுக்கு வழக்கம் ஐந்து காடி. போர் நேரத்தில் அவ்வளவு வேலை செய்ய நேரமும் இல்லை, இயந்திரமும் இல்லை. லோங் பிராஞ்சிலும், அமெரிக்காவில் அதே ரைஃபிளைச் செய்த சாவேஜிலும், இரண்டே இரண்டு காடி போட்ட பரல்கள் வந்தன. பார்த்தால் சிக்கனத்தின் உச்சம். சோதித்துப் பார்த்தபோது, போர்ப் பாவனைக்கு அவை போதுமான அளவு சரியாகவே சுட்டன. இன்றைக்கும் ஒன்ராறியோவில் பழைய இரண்டு காடி லோங் பிராஞ்ச்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதாவது, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செலவைக் குறைத்தது பெரிய விசயமாக இருக்கவில்லை.

அப்படியென்றால் விலைகூடிய பரலில் நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்? துளை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலமாக இருப்பதற்கு. ரவை உட்காருகிற சேம்பர் துளைக்கு நேரே, நடுவிலே வெட்டப்பட்டிருப்பதற்கு. சன்னம் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற வாய் விளிம்பு சுற்றிவர ஒரே மாதிரி இருப்பதற்கு. அந்த விளிம்பில் ஒரு பக்கம் சின்ன நெளிவு இருந்தால், பின்னால் வருகிற வாயு அந்தப் பக்கத்தால் முதலில் தப்பி சன்னத்தைத் தட்டிவிடும். ஒரு நல்ல திருத்துநர் அந்த விளிம்பைப் புதிதாக வெட்டித் தருவார், அது புதுப் பரலை விட எத்தனையோ மடங்கு மலிவு. பழைய துவக்கு ஒழுங்காகச் சுடவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எங்கட கேட்போருக்கு இதைவிடச் சுலபமான விளக்கம் ஒன்று இருக்கு. 2006 இல் ஏஎம்டி வாங்கிய ஏடிஐ இந்த மார்க்கமில்தான் இருந்தது. அங்கே வேலை செய்த மாமா, சித்தப்பா உங்களில் சிலருக்கு இருப்பார்கள், கேட்டுப் பாருங்கோ. ஒரே வேஃபரில் வெட்டிய சிப்கள் எல்லாம் ஒன்று போல ஓடாது. நன்றாக ஓடுவதைப் பிரித்து விலைகூடிய பெயரில் விற்பார்கள், சுமாரானதைக் குறைந்த பெயரில் விற்பார்கள். மலிவான சிப்பில் சில வேளை அதிர்ஷ்டம் அடிக்கும். பரலும் அப்படித்தான். மலிவுப் பரல் எல்லாம் கூடாது என்று இல்லை. அதன் சராசரி நல்லாத்தான் இருக்கும், ஆனால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிசு. விலைகூடியதில் அந்த வித்தியாசம் சின்னது. நீங்கள் கூடக் கொடுக்கிற காசு அந்த உத்தரவாதத்துக்குத்தான்.

இந்தப் பிரித்தெடுக்கும் வேலை சிப் வருவதற்கு முன்பே இருந்தது. பிரித்தானியாவில் நம்பர் 4 ரைஃபிள்களைத் தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து, மற்றவற்றை விடத் திறமாகச் சுட்டவற்றை ஹொலண்ட் அண்ட் ஹொலண்டுக்கு அனுப்பி ஸ்னைப்பர் ரைஃபிள் ஆக்கினார்கள். தனியாக ஒரு விசேட பரல் செய்யவில்லை. கும்பலில் இருந்து நல்லதைப் பொறுக்கினார்கள், அவ்வளவுதான்.

இனி அந்த வீடியோக்களில் என்னை விசராக்குகிற விசயத்துக்கு வருவம். புதுப் பரலைப் போடுவார்கள், மூன்று முறை சுடுவார்கள், மூன்று ஓட்டையும் கிட்டக் கிட்ட இருக்கும், "பாருங்கோ, 200 டொலர் பரல்!" என்பார்கள். மூன்று சன்னம் ஒரு அளவீடே இல்லை. சிதறல் சாதாரணப் பரவல் என்று எடுத்தால், மூன்று சன்னத்தின் குரூப் அகலம் சராசரியாக, பத்துச் சன்னக் குரூப்பின் 63 சதவீதம்தான். அதுவும் சராசரி. ஒன்றையுமே மாற்றாமல், அதே துவக்கால் அடுத்தடுத்துச் சுட்ட இரண்டு மூன்று-சன்னக் குரூப்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு வருவது சர்வசாதாரணம். ஒரு கேமை ஐந்து செக்கன் ஓடவிட்டு எஃப்பிஎஸ் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள் அல்லவா? இதற்கும் சிரியுங்கோ. பத்துச் சன்னமாக இரண்டு மூன்று தாள் காட்டினால் மட்டும் நான் மினக்கெட்டுப் பார்ப்பேன்.

சரி, அந்தத் தம்பியின் .22. சாவேஜின் .22 ரைஃபிள்கள் பீற்றர்பரோவுக்கு வடக்கே, லேக்ஃபீல்டில் செய்யப்படுகிறவை. முன்பு லேக்ஃபீல்ட் ஆர்ம்ஸ் என்று இருந்த நிறுவனத்தை சாவேஜ் 1990களின் நடுவில் வாங்கியது. ஒன்ராறியோவில் மலிவான .22 செய்வது அதற்கும் பழைய தொழில்: கூயி 1903 இல் ரொறன்ரோவில் தொடங்கி, பிறகு கோபர்க்குக்குப் போய், நாடு முழுக்கத் தோட்ட வீடுகளின் கதவு மூலையில் நின்ற .22 களைச் செய்தது. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் உங்கள் கையில் இருப்பது. விலைக்கு மீறிச் சுடுகிற பரல் அது. அதோடு மார்க் 2 மாதிரி மாடல்களில் பரலை நட் போட்டுப் பூட்டவில்லை, அமுக்கி ஊசி அடித்துப் பொருத்தியிருக்கு. வீட்டு மேசையில் மாற்றுகிற சாமான் இல்லை. கழற்றி மாற்ற ஆசை என்றால் செக் நாட்டு சிஇஸட் 457 மாதிரி, இரண்டு சின்னத் திருகோடு பரல் கழருகிற ரைஃபிளை வாங்கியிருக்க வேண்டும்.

.22 இல் பரலை விடப் பெரிய வில்லன் ரவைதான். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சன்னம் செக்கனுக்கு ஏறக்குறைய 326 மீற்றரில் புறப்படுகிறது. 100 மீற்றர் போக ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு எடுக்கும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர் கீழே இழுத்துவிடும். இப்போது அதே பெட்டியில் இன்னொரு ரவை செக்கனுக்கு 10 மீற்றர் மெதுவாகப் போகிறது என்று வையுங்கோ. மலிவு ரவையில் இது புதினம் இல்லை. வேகம் 3 சதவீதம் குறைய, விழும் தூரம் 6 சதவீதம் கூடும். அதாவது 3 சென்ரிமீற்றர். உலகத்திலேயே திறமான பரலைப் போட்டாலும் அந்த 3 சென்ரிமீற்றர் அப்படியே இருக்கும், ஏனென்றால் பிழை பரலுக்குள் நடக்கவில்லை. 50 மீற்றரில் இதே வித்தியாசம் 8 மில்லிமீற்றர்கூட வராது. அதனால்தான் 50 மீற்றரில் எல்லாத் துவக்கும் நல்ல துவக்கு.

அதோடு ஒவ்வொரு .22 உம் ஒவ்வொரு ரவையை விரும்பும். எலி, எஸ்கே, லாப்புவா, சிசிஐ என்று ஐந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கோ. ஒரே நாளில், காற்று இல்லாத நேரம், ஒவ்வொன்றிலும் பத்துச் சன்னக் குரூப் இரண்டு சுடுங்கோ. எந்தப் பரல் மாற்றமும் தராத முன்னேற்றம் அந்தப் பின்னேரத்தில் கிடைக்கும். .22 பரல் தேய்வதும் இல்லை. ஈயச் சன்னம், குறைந்த சூடு, பல பத்தாயிரம் ரவை தாங்கும்.

வேட்டை ரைஃபிளுக்கு வந்தால் கணக்கு மாறும். 6.5 க்ரீட்மோர் பரல் ஒன்று 2,000 இல் இருந்து 3,000 ரவை வரை நல்ல துல்லியத்தோடு நிற்கும். பேச்சுக்கு 2,500 என்று எடுப்போம். ஒரு ரவை 2 டொலர் என்றால், பரல் முடிவதற்குள் நீங்கள் 5,000 டொலருக்கு ரவை வாங்கியிருப்பீர்கள். 300 டொலர் பரலுக்கும் 800 டொலர் பரலுக்கும் உள்ள 500 டொலர் அதில் பத்தில் ஒன்று. ஆகவே போட்டிக்குப் போகிறவர், மாதம் மாதம் நூற்றுக்கணக்கில் சுடுகிறவர், நல்ல பரலையே வாங்க வேண்டும். அவருக்கு மலிவுப் பரல் மலிவு இல்லை.

வருசத்தில் நாற்பது ரவை சுட்டுவிட்டு நவம்பரில் ஒரு மானுக்குப் போகிறவருக்கு அந்த 500 டொலர் வீண். மானின் உயிர்நிலைப் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. சுமாரான பரல் ஒன்று 150 மீற்றரில் ஒன்பது சென்ரிமீற்றருக்குள் போடும். மிச்சக் காசுக்கு நல்ல பைனாகுலர் வாங்கலாம். இவருக்குத்தான் சாவேஜ் 110 மாதிரி ரைஃபிள்கள் பொருத்தம். 1958 இல் வந்த அந்த வடிவத்தில் பரலை ஒரு பெரிய நட் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தி, பரலை மாற்றி, அளவுக் கேஜ் வைத்துச் சரிபார்த்து இறுக்கலாம்.

அந்த அளவுக் கேஜ் விசயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போல்டுக்கும் சேம்பருக்கும் இடையில் ரவைக்கு விடப்படும் இடத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். அது கூடினால் ரவைக் கோது நீண்டு கிழியும். .22 இன் உச்ச அழுத்தம் 24,000 பிஎஸ்ஐ. .308 க்கும் 6.5 க்ரீட்மோருக்கும் 62,000. இந்த எல்லைகளை வகுப்பது அமெரிக்காவின் எஸ்ஏஏஎம்ஐ, ஸாமி என்று உச்சரிப்பார்கள், எங்கட சாமி இல்லை. உங்கள் கார் டயரில் இருப்பது 35 பிஎஸ்ஐ அளவில். 62,000 பிஎஸ்ஐ உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது.

பிரித்தானியா, ஜெர்மனி, செக், பின்லாந்து போன்ற நாடுகளில் துவக்கை விற்க முதல், அளவுக்கு மீறிய அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்று சட்டம் இருக்கு. கனடாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. செய்தவர் பெயர் இல்லாத, கலிபர் பொறிக்காத, எந்த உருக்கு என்று சொல்லாத பரல் ஒன்று மலிவாக வந்தால், அதை யாரும் சோதித்திருப்பார்கள் என்று நம்ப உங்களிடம் காரணமே இல்லை. நான் ஆபத்து என்று சொன்னது இந்த வகையை. பெயருள்ள நிறுவனத்தின் மலிவுப் பரல் வேறு, பெயரில்லாத பரல் வேறு. கேஜ் இல்லை என்றால், பாவிக்கத் தெரியாது என்றால், திருத்துநரிடம் கொடுங்கோ. பட்ஜெட்டில் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சட்டம்: "பரல் தானே, துவக்கு இல்லையே" என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் நிறைவேறிய சி-21, பரலையும் லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டும் கைமாறலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. நண்பனுக்கு இரவல் கொடுப்பது, லைசென்ஸ் இல்லாத மச்சானின் விலாசத்துக்கு எடுப்பிப்பது எல்லாம் குற்றத்தில் முடியும். அமெரிக்கக் கடையில் ஓடர் போடுகிற எண்ணத்தையும் விடுங்கோ, பரல் அவர்களுடைய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வரும் சாமான். இன்னொன்று: இருக்கிற பரலை வாளால் அறுத்து 457 மில்லிமீற்றருக்குக் கீழே கொண்டுவந்தால் அது தடைசெய்யப்பட்ட துவக்கு. வீட்டில் பரல் அறுக்கிற வேலையே வேண்டாம்.

சட்டத்தில் இல்லாத ஒன்றும் இருக்கு. எங்கட வீடுகளில் துவக்கு என்ற சொல்லுக்கு வேறு கனம். அம்மா அப்பாவுக்கு அது விளையாட்டுச் சாமானாக ஒருநாளும் இருந்ததில்லை. அவர்கள் பார்த்த துவக்கெல்லாம் ஆரோ ஒருவரை நோக்கி நீட்டப்பட்டிருந்தது. கூரியரில் வந்த நீளப் பெட்டியை அம்மா தற்செயலாகத் திறக்கிற நிலைமையை உருவாக்காதீர்கள். நான் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க முதலே வீட்டில் சொன்னேன். அம்மா கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "எங்க வைக்கப் போறாய்?" என்று மட்டும் கேட்டா. பாதுகாப்புப் பயிற்சியிலும் இதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ரவை இறக்கி, விசைக்குப் பூட்டுப் போட்டு அல்லது பூட்டிய பெட்டிக்குள், ரவை வேறு இடத்தில் அல்லது அதுவும் பூட்டுக்குள். நான் பெட்டியை அவவுக்குக் காட்டினேன். திறப்பு என்னிடம் மட்டும்தான் என்றும் காட்டினேன். அவவுக்கு இன்றைக்கும் விருப்பமில்லை, ஆனால் நித்திரை கொள்கிறா. பட்ஜெட் பில்ட் செய்கிறவர்கள் பெட்டியின் விலையை முதல் வரியில் எழுதுங்கோ, பரலின் விலையைக் கடைசி வரியில்.

மலிவுப் பரலில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: கழற்றிய பரல். புது ரைஃபிள் வாங்கி, இரண்டு மாதத்தில் விலைகூடிய பரல் போட்டுவிட்டு, தொழிற்சாலைப் பரலை விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த நிறுவனம், கொஞ்சமே சுட்டது, நல்ல மலிவு. வாங்க முதல், ஃபோனில் பூட்டுகிற சின்ன போர்ஸ்கோப் கமராவை உள்ளே விட்டுப் பாருங்கோ. சேம்பருக்கு அடுத்து காடி தொடங்குகிற இடம் கறுத்து, காய்ந்த குளத்து மண் மாதிரி வெடித்திருந்தால் விட்டுவிடுங்கோ, அது வெப்பத்தில் தின்னப்பட்ட பரல். நடுவில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது கருவி ஓடிய தடம். அந்தக் கமரா வந்த பிறகு கனபேர் நன்றாகச் சுடுகிற பரலைப் படத்தில் பார்த்துவிட்டு வெறுத்துப் போய் விற்கிறார்கள். உங்களுக்கு அது நல்லதுதான்.

தம்பி, ஐந்து பெட்டி ரவையும் சுட்டு முடித்ததும் தாள்களைப் படம் எடுத்து அனுப்புங்கோ. மூன்று சன்னக் குரூப் என்றால் அனுப்ப வேண்டாம்.